மூன்றாம் வரிசையில் இரண்டாம் இடம்

சேசு மரி சூசை

வூன்சாக்கெட்,
7 மார்ச் 1954

அன்புத் தம்பி ரொஸேருக்கு,

ஜெர்மேன் அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். அங்கே உன் காய்ச்சல், இருமல், எடை மூன்றும் எப்படியிருக்கின்றன என்று தனித்தனியாக எழுது. நன்றாக இருக்கிறேன் என்று ஒரே வரியில் தப்பித்துக்கொள்ளாதே. உன் ஒற்றை வரிகளைப் பார்த்து ஏமாறுகிற ஆள் நான் இல்லை.

நீ மலைக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. ஆலையில் பக்கத்து மேஜைக்காரி நேற்று என்னிடம், "உன் தம்பி பாண்டுல ஊதுவானே, ஆளையே காணோமேடி?" என்றாள். பாண்டு என்று சொன்னால் நீ அடிக்க வருவாய் என்பதால் உன் சார்பில் நானே சண்டைக்குப் போனேன். "பாண்டுன்னா கிளாரினெட்டு, புல்லாங்குழல் எல்லாம் இருக்கும். எங்களுது டிரம்மும் பியூகிள்ங்கிற எக்காளமும் மட்டுந்தான். ஒரே ஒரு பொத்தான வச்சிக்கிட்டு மிச்சத்தையெல்லாம் உதட்டாலயே கொண்டாரணும். உன்னால முடியுமா?" என்றேன். ஆனால் காசநோய்ச் சானடோரியம் என்று சொல்ல வாய் வரவில்லை. மாமாவின் பண்ணைக்குப் போயிருக்கிறாய் என்று சொன்னேன். அப்பாவும் எல்லாரிடமும் அதையேதான் சொல்கிறார். அம்மாவும் அப்படி ஒரு இடத்துக்குப் போய்த்தான் திரும்பி வரவில்லை. அவர் வாயில் அந்தச் சொல் வராது.

செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு, சீருடை தைக்கிற ஊசி நூல் டப்பாவை எடுத்துக்கொண்டு பங்குப் பள்ளிக்கூடத்து நிலவறைக்குப் போனேன். கொவேன் மாஸ்டர் சாயப்பட்டறையிலிருந்து நேரே வந்திருந்தார், விரலெல்லாம் நீலம். எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "மூணாவது வரிசையில ரெண்டாவது இடம் ரொஸேரோடது. அவன் வர்றவரைக்கும் அதுல எவனும் நிக்கக்கூடாது. நெருக்கி மூடவும் கூடாது. ஓட்டையோடவே நடப்போம்." புதிதாகச் சேர்ந்த ஒருவன் திரும்பும்போது தவறி அந்த இடத்தில் காலை வைத்துவிட்டான். மாஸ்டர் அவன் காலரைப் பிடித்து இழுத்து, "டேய், அவன் கால மிதிக்கிற பாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே இடம் பத்திரம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும் அக்கா,
ஜெர்மேன்


21 மார்ச் 1954

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அப்பாவின் முதுகுவலி எப்படியிருக்கிறது? உன் கண்ணெரிச்சல்?

நீ கேட்டபடி தனித்தனியாக: காய்ச்சல் மாலையில் மட்டும். இருமல் காலையில் மட்டும். எடை ஒரு பவுண்டு கூடியிருக்கிறது. போதுமா?

இங்கே ஓய்வுதான் மருந்து. மூன்று கம்பளியைச் சுற்றிக்கொண்டு திறந்த தாழ்வாரத்தில் நாளெல்லாம் படுத்திருக்கவேண்டும். வெளியே பனி. பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, கையைத் தூக்கித் தலை வாரக்கூடாது. பக்கத்துக் கட்டிலில் ஹ்யால்மர் என்று ஒரு ஸ்வீடன் நாட்டு மரம்வெட்டி. மூன்று வருஷமாகக் கிடக்கிறார். என்னைக் குழாய்க்காரன் என்றுதான் கூப்பிடுகிறார். காரணம், நான் பியூகிளின் மவுத்பீஸைக் காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கம்பளிக்குள் முகத்தை மூடிக்கொண்டு தினம் பத்து நிமிஷம் ஊதினேன். உதடு கெட்டுப்போனால் அப்புறம் எந்த டாக்டர் திருப்பித் தருவார்? நேற்று நர்ஸ் மிஸ் டெலஹன்ட்டி பிடித்துவிட்டாள். "இது என்ன, வாத்துக் கூட்டம் போகுதோன்னு பார்த்தேன். குடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த அக்டோபரில் எனக்கு இருபத்தொன்று முடிகிறது. முடிந்தவனுக்கு மைதானத்தில் இடமில்லை, உனக்குத் தெரியும். எனக்கு இருப்பது இந்த ஒரு கோடைதான். அதற்குள் கீழே இறங்கிவிடுவேன் என்று டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன். மாஸ்டர் சொன்னதை நீ எழுதியிருந்தாயே, அதை ஹ்யால்மருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்காக எங்கேயும் யாரும் இடம் வைத்திருக்கவில்லையாம்.

இந்த வருஷத்து அணிநடைத் தாளை அனுப்பிவை.

உன் தம்பி,
ரொஸேர்


சேசு மரி சூசை

வூன்சாக்கெட்,
25 ஏப்ரல் 1954

அன்புத் தம்பிக்கு,

பாஸ்கு ஆசீர். அப்பாவுக்கு முதுகு பரவாயில்லை. ஆலையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆக்கிவிட்டார்கள், அதனால் முதுகுக்கும் ஓய்வு. என் கண்ணை விடு. உன் எடை அப்புறம் கூடியதா?

பன்றிக்கறிப் பணியாரம் ஒன்றைச் சுற்றி அனுப்பியிருக்கிறேன். ஹ்யால்மருக்கும் ஒரு துண்டு கொடு. அணிநடைத் தாளும் இதோடு வருகிறது. உன் இடத்தை மாஸ்டரே சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார். உன் தனி வாசிப்பை மட்டும் இப்போதைக்கு நார்மன் பின்வரிசையில் தன் இடத்திலிருந்தே ஊதுகிறான். பயந்து பயந்து ஊதுகிறான் பாவம், உன் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டவன் மாதிரி.

பாஸ்கு திங்களன்று பங்கு மண்டபத்தில் ஒரு முன்னோட்டம் காட்டினோம். பழைய நடுவர் ஒருவரை அழைத்திருந்தார்கள். உனக்கே தெரியும் அந்தக் கூட்டம்: முழு நூறிலிருந்து ஆரம்பித்து, ஒரு பொத்தான் மங்கினாலும் ஒரு மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு வெட்டுகிறவர்கள். முடிந்ததும் அவர் மாஸ்டரிடம், "வரிசை திரும்பும்போதெல்லாம் அந்த ஓட்டை கண்ணைக் குத்துது. ஒவ்வொரு தடவையும் வெட்டுவாங்க" என்றார். மாஸ்டர், "வெட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் புகையிலையை மென்றுகொண்டிருந்தார்.

அக்கா,
ஜெர்மேன்


16 மே 1954

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் நீயும் நலமா? இங்கே பனி உருகிவிட்டது. எனக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. பணியாரத்தை ஹ்யால்மர் முக்கால்வாசி தின்றுவிட்டார்.

தாள் முழுவதும் மனப்பாடம். கம்பளியை மைதானமாக வைத்துக்கொண்டு இரண்டு விரலால் நடக்கிறேன். நுழைவு, இடப்பக்கத் திருப்பம், தேசக்கொடி வணக்கம், நடு மைதானத்தில் என் பன்னிரண்டு அடி, அப்புறம் தனி வாசிப்பு. எல்லாம் சரியாகப் பதினொன்றரை நிமிஷத்தில் முடிகிறது. ஹ்யால்மர் ஒரு நாள் கம்பளியை இழுத்துவிட்டு, "நிலநடுக்கம், எல்லாரும் செத்தாங்க" என்றார். மறுபடி முதலிலிருந்து நடந்தேன்.

டாக்டர் வியாழக்கிழமை புது எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். ஏதோ ஒன்று செய்யவேண்டும் என்கிறார். "அப்புறம் ஊத முடியுமா?" என்று கேட்டேன். நான் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஆகஸ்டு முடியட்டும், அதன்பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, அப்பாவிடம் சொல்லவேண்டாம்.

முப்பதாம் தேதி முதல் போட்டி. எனக்கு எழுதாமல் இருந்துவிடாதே. முக்கியமாக என் இடத்தைப் பற்றி எழுது.

ரொஸேர்


புனித லாம்பெர்ட் பங்கு கேடட்கள்
டிரம் – பியூகிள் குழு

1 ஜூன் 1954

குழு உறுப்பினர் வீட்டார் அனைவருக்கும்,

வணக்கம். எல்லாரும் கடவுள் அருளால் நலம் என நம்புகிறேன்.

மே 30 போட்டியில் வரிசையின் இடைவெளிக்காக மட்டும் நம் குழுவுக்குப் பதினோரு வெட்டு விழுந்தது. வருகிற சனிக்கிழமை தகுதிச் சுற்று. அதிலும் இப்படி நடந்தால் ஆகஸ்டு மாநிலப் போட்டிக்கு நாம் போகமுடியாது. இந்த ஆண்டோடு வயது முடிகிறவர்கள் நம்மிடம் ஒன்பது பேர். அவர்களுக்கு இன்னொரு ஆண்டு கிடையாது.

ஆகவே மூன்றாம் வரிசையில் இரண்டாம் இடத்தில் இனி நார்மன் நிற்பான். தனி வாசிப்பும் அவனே. என் வாக்கை நானே மீறுகிறேன் என்பது எனக்குத் தெரியும். அதைப்பற்றி யாரும் என்னிடம் பேசவேண்டாம்.

ப. கொவேன்

(கீழே, கையெழுத்தில்) ஜெர்மேன், ரொஸேரின் தனி வாசிப்புக் கோட்டு நார்மனுக்குத் தோளில் பிடிக்கிறது. சனிக்கிழமைக்குள் பிரித்துத் தைத்துவிடம்மா. தம்பிக்கு நானே எழுதுகிறேன். நீ எழுதாதே.


சேசு மரி சூசை

வூன்சாக்கெட்,
6 ஜூன் 1954

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

நேற்றுத் தகுதிச் சுற்றில் தேறிவிட்டோம். மாநிலப் போட்டிக்குப் போகிறோம். எண்பத்து மூன்று புள்ளி இரண்டு, மூன்றாம் இடம். வெயில் அதிகம். சீருடைச் சோதனையின்போது நடுவர் வெள்ளைக் கையுறையோடு வரிசைக்குள் நுழைந்து ஒவ்வொரு ஷூவாகக் குனிந்து பார்த்தார். நான் தைத்த பொத்தான்களில் ஒரு நூல்கூட அவர் கையில் சிக்கவில்லை.

உன் இடம் அப்படியேதான் இருந்தது. வரிசை திரும்பும்போது இரண்டு பக்கத்துப் பையன்களும் ஒரு கை அகலம் விலகி, அழகாக, நீ நடுவில் நடப்பது போலவே நடந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது. மாஸ்டரும் சொன்னார். கூட்டத்தில் ஒரு அம்மா, அது யாருடைய இடம் என்று என்னிடம் கேட்டாள். என் தம்பியுடையது என்றேன். உன் கோட்டைப் பிரஷ் போட்டு அலமாரியில் மாட்டியிருக்கிறேன். அது அங்கேயே இருக்கிறது.

வேறு ஒன்றுமில்லை. நீ எதற்கும் மனதை அலட்டிக்கொள்ளாதே. சொன்னபடி கேட்டு, கொடுத்ததைச் சாப்பிடு.

அக்கா


13 ஜூன் 1954

அக்கா,

சுகம்தானே? நான் மிகவும் சுகம். மாஸ்டர் எனக்கு எழுதுவதேயில்லை, போகட்டும். உன் கடிதம் ஒன்று போதும்.

அந்த ஒரு கை அகலத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. ஹ்யால்மரும் கேட்டுவிட்டு, "குழாய்க்காரா, நீ போய்த்தான் ஆகணும்போல இருக்கு" என்றார். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. இனி ஆகஸ்டுவரை யாரும் என்னைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

கை வலிக்கிறது, அதனால் சுருக்கமாக.

ரொஸேர்


12 ஜூலை 1954

மதிப்புக்குரிய மிஸ் ஜெர்மேன் அவர்களுக்கு,

நீங்கள் நலமா? என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் தம்பி இருக்கும் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. மூன்று வாரமாகக் காய்ச்சல் இறங்காததால் அவரால் பேனா பிடிக்க முடியவில்லை. இதை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.

ஜூன் 18ஆம் தேதி அவருக்கு ஆபரேஷன் குறித்திருந்தோம். இடப்பக்கம் ஏழு விலா எலும்புகளை எடுத்துவிட்டு, கெட்டுப்போன நுரையீரலை அமுக்கி மூடுவது. கொடுமையான வேலைதான். ஆனால் அதைச் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நடந்தே வீட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களால் பியூகிள் மட்டும் ஊத முடியாது.

அவர் மறுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் கெஞ்சினேன். தலையணைக்கு அடியிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டி, "என் இடத்த அப்படியே வச்சிருக்காங்க, மிஸ். முப்பது பேரு எனக்காக வெட்டு வாங்கிக்கிட்டு நடக்கிறாங்க. நான் விலாவ அறுத்துக்கிட்டு இங்க கிடந்தா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார்.

நாள் அதிகம் இல்லை. அந்த இடம் ஒன்று இல்லாவிட்டால் அவர் சம்மதிப்பார் என்று தோன்றுகிறது. உங்களால் ஏதாவது எழுத முடியுமா?

நோரா டெலஹன்ட்டி


14 ஜூலை 1954

ரொஸேர்,

உன் இடத்தில் நார்மன் நிற்கிறான். ஜூன் ஐந்திலிருந்தே நிற்கிறான். நான் எழுதியது பொய். ஒரு கை அகலம் பொய், கேள்வி கேட்ட அம்மா பொய், அலமாரியில் கோட்டு பொய். உன் கோட்டைத் தோளில் இரண்டு விரல் பிரித்து அவனுக்குத் தைத்துக் கொடுத்தவள் நான்தான். மாஸ்டர் உனக்கு எழுதுவதாகச் சொன்னார். நாலு தாள் எடுத்து நாலையும் கிழித்தாராம். அவர் எழுதாததால் நான் எழுதினேன். படுக்கையில் கிடப்பவனுக்கு ஒரு நல்ல சேதி சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து உனக்காக யாரும் வெட்டு வாங்கவில்லை. நார்மன் இப்போது பயமில்லாமல் ஊதுகிறான். நீ இல்லாமலே குழு நடக்கிறது. நடக்கும். இந்த வருஷம் மட்டுமில்லை, அடுத்த வருஷமும். உனக்காகக் காத்திருப்பது அப்பாவும் நானும் மட்டும்தான். எங்களுக்கு நீ ஊதவேண்டாம்.

அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு மற்ற தாளில் கையெழுத்துப் போடு. இன்றைக்கே போடு. என்னை மன்னிக்கவேண்டாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜெர்மேன்


1 ஆகஸ்டு 1954

என் அன்பான அக்காவுக்கு,

அப்பாவும் நீயும் நல்ல சுகம் என்று நம்புகிறேன். உன் கடைசிக் கடிதத்தில் சேசு மரி சூசையும் இல்லை, சுகமா என்ற கேள்வியும் இல்லை. அதனாலேயே எல்லாம் உண்மை என்று முதல் வரியிலேயே நம்பிவிட்டேன்.

கோபம் ஒரு நாள் இருந்தது. ஹ்யால்மர் இருந்தால் அவரிடம் கத்தியிருப்பேன். அவர் ஜூலை முதல் வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். மறுநாள் டாக்டரைக் கூப்பிட்டு, "சரி, அறுங்க" என்று சொன்னேன். நீ சொன்னபடியே கேட்டேன், அதைத் தெரிந்துகொள். புதுப் படம் எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு இனிமேல் ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்த்தாயா? உன் பொய்யால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஏழு விலாவும் எனக்கே மிச்சம்.

இப்போது இங்கே எனக்கு ராஜ மரியாதை. ஏரி பார்த்த ஜன்னலோடு தனி அறை கொடுத்திருக்கிறார்கள். என்ன கேட்டாலும் சாப்பிடத் தருகிறார்கள். பேசலாம், சிரிக்கலாம். மிஸ் டெலஹன்ட்டி மவுத்பீஸைக்கூடத் திருப்பித் தந்துவிட்டாள். எவ்வளவு வேண்டுமானாலும் ஊதிக்கொள்ளுங்கள் என்கிறாள். எனக்குத்தான் இப்போது சோம்பல்.

நார்மனிடம் சொல், கடைசி நீள ஸ்வரத்தில் அவன் எப்போதும் மூச்சைச் சீக்கிரம் விட்டுவிடுவான். அதற்கு முந்தின இடைவெளியில் இரண்டு முறை இழுத்துக்கொள்ளவேண்டும்.

மாஸ்டரிடம் ஒன்று கேள். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேள். மாநிலப் போட்டியில் ஒரே ஒரு முறை என் இடத்தைத் திறந்து விடுவார்களா? என்ன விலை என்று எனக்குத் தெரியும். முடியாது என்றால் முடியாது என்றே எழுது.

நீ இப்போது வரவேண்டாம். உன் பொத்தான்கள் இல்லாமல் சோதனையில் அவர்கள் தேறமாட்டார்கள். போட்டி முடிந்து வா.

உன் தம்பி,
ரொஸேர்


சேசு மரி சூசை

வூன்சாக்கெட்,
22 ஆகஸ்டு 1954

என் தம்பி ரொஸேருக்கு,

நான் சுகம். ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொன்ன செய்தி எங்களுக்கு மிகவும் சந்தோஷம். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தனி அறை என்ற வரியில் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

முன்பே தபால் அட்டையில் எழுதியபடி மாஸ்டர் ஒப்புக்கொண்டார். நான் கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டு, "பசங்க கிட்டயும் கேக்கணும். வயசு முடியிற ஒம்போது பேருக்கும் இதான் கடைசி" என்றார். கேட்டார். ஓவிலா என்ற அந்த டிரம்காரன், உனக்குப் பிடிக்காதே, அவன், "ஜூன்லயே கேட்டிருக்கணும் மாஸ்டர், இப்பவாச்சும் கேட்டீங்களே" என்றான். மற்றவர்கள் கையைத் தூக்கினார்கள்.

நேற்றுச் சாயங்காலம் மாநிலப் போட்டிக்குப் போகும் பஸ்ஸில் நார்மன் உன் கோட்டைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தான். உன் சேதியைச் சொன்னேன். "ரெண்டு தடவ இழுக்கணுமா? மூணு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்று சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பின்வரிசையில் அவன் பழைய இடத்தில் ஜூனிலிருந்தே வேறு பையன் நிற்பதால், அவன் என் பக்கத்தில் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கும் இதுதான் கடைசி வருஷம் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எட்டு மணிக்குத் தொடக்கத் துப்பாக்கி வெடித்ததும் உள்ளே இறங்கினார்கள். மூன்றாம் வரிசையில் இரண்டாம் இடம் காலி. இடப்பக்கத் திருப்பத்தில் வரிசை வளைந்தபோது இரண்டு பக்கத்தவனும் ஒரு கை அகலம் விலகி நடந்தார்கள். நான் பொய்யாக எழுதியது அப்படியே என் கண்முன்னால் நடந்தது. உன் பன்னிரண்டு அடி வந்தபோது, பலகையும் பென்சிலுமாய் வரிசைக்குள் நடந்துகொண்டிருந்த நடுவர் சரியாக உன் இடத்தில் வந்து நின்றார். அடுத்த வரிசை அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. தன்னைச் சுற்றி ஏன் இடம் இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. கீழே பார்த்தார், பின்னால் பார்த்தார். அப்புறம் எழுதிக்கொண்டார். உன் தனி வாசிப்பை யாரும் ஊதவில்லை. எட்டுத் தாளச் சுற்றுக்கு டிரம் மட்டும், அதன் ஓரத்தைத் தட்டுகிற சத்தம் மட்டும். கூட்டத்தில் யாரோ, "மறந்துட்டானுங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

கடைசியில் எல்லாக் குழுக்களும் மைதானத்தில் நின்று முடிவைக் கேட்டார்கள். ஐந்தாம் இடம். மூன்றாம் இடம் புள்ளி எட்டு வித்தியாசத்தில் கைவிட்டுப் போயிற்று. வயது முடிகிற மற்ற எட்டுப் பேரும் கண்ணைத் துடைக்காமல் விறைப்பாக நின்றார்கள். அழுதது மாஸ்டர்தான், அதுவும் பஸ்ஸுக்குப் பின்னால் போய்.

இந்த முறை என் வார்த்தையை மட்டும் நீ நம்பவேண்டாம். இன்று காலைப் பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாம் வரிசையைப் பார். புல் தெரிகிறதா? அதுதான்.

வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் ரயில் ஏறுகிறோம். அப்பா தானாகவே சானடோரியத்துக்குப் போகணும் என்று ஸ்டேஷனில் டிக்கெட் கேட்டார். கோட்டையும் கொண்டுவருகிறேன். தோளைப் பழையபடி பிடித்துவிட்டேன்.

அக்கா,
ஜெர்மேன்


26 ஆகஸ்டு 1954

மதிப்புக்குரிய மிஸ் ஜெர்மேன் அவர்களுக்கு,

தந்தி உங்களுக்குக் கிடைத்திருக்கும். திங்கட்கிழமை காலை உங்கள் தம்பி காலமானார். அதிகம் வேதனைப்படவில்லை. சாமியார் கூட இருந்தார். உங்களுக்கும் உங்கள் தந்தைக்கும் ஆண்டவர் திடம் தரட்டும்.

22ஆம் தேதியிட்ட உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பிரிக்காமல் இதோடு திருப்பி அனுப்புகிறேன். அவருடைய பொருட்கள் தனிப் பெட்டியில் வருகின்றன. மவுத்பீஸை மூன்று முறை கொதிநீரில் போட்டு எடுத்திருக்கிறோம், பயமில்லாமல் தொடலாம். அதை நார்மன் என்பவருக்குக் கொடுக்கச் சொன்னார்.

சனிக்கிழமை மாலை என்னை மணி பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். எட்டு ஆனதும் தலையணையை உயர்த்தி உட்காரவைக்கச் சொல்லி, இரண்டு விரலால் கம்பளியில் நடந்தார். நடுவில் இரண்டு முறை இளைப்பாறினாலும் கடைசிவரை நடந்து முடித்தார். "இன்னிக்கு என் இடம் தெறந்திருக்கு, மிஸ்" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அக்கா அட்டை போட்டிருக்கா" என்றார். முன்பும் எழுதினார்களே என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "ஒரே பொய்ய ரெண்டாந்தடவ சொல்ல அவளுக்கு வராது" என்றார்.

ஆகஸ்டு 9ஆம் தேதி என்னிடம் தனியாக ஒன்று கேட்டு எழுதியிருந்தீர்கள். ஆபரேஷன் இனித் தேவையில்லை என்று டாக்டர் ஏன் சொன்னார் என்று. அதற்கு நான் பதில் எழுதக்கூடாது என்று உங்கள் தம்பி என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அன்று எழுதவில்லை. இன்றும் எழுதவில்லை.

நோரா டெலஹன்ட்டி